அடுத்த பெயர்

பதுளைக்கு மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்களில், அந்த மாற்றத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்த ஒரே மனிதர் என் அப்பா அம்பலவாணராகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் வந்து இறங்கிய அன்றே திரும்பிப் போவதற்குக் கடிதம் எழுதத் தொடங்கிவிடுவார்கள். அப்பாவோ யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய கந்தோரை விட்டுவிட்டு, பதுளைக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். "உமக்கென்ன விசரோ?" என்று மேலதிகாரி கேட்டாராம். அப்பாவுக்கு விசர் இல்லை. பத்தாம் ஆண்டு படிக்கிற ஒரு மகள் இருந்தாள், அவ்வளவுதான்.

அந்த மகள் நான், தயானி. விஷயம் இரகசியம் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். வசதி குறைந்த மாவட்டத்தில் வெட்டுப்புள்ளியும் குறைவு. யாழ்ப்பாணத்தில் மருத்துவத்துக்கு எடுபடாத புள்ளி பதுளையில் எடுபடும். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் போதும், அந்த மாவட்டத்துப் பிள்ளையாகிவிடலாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்கிற பிள்ளைகளை நினைத்துத் திறந்து வைத்த கதவு அது. நாங்கள் லொறியில் கட்டிலும் அலுமாரியும் ஏற்றிக்கொண்டு வந்து அதில் நுழைந்தோம்.

"சட்டத்துக்கு மாறா நாங்கள் ஒண்டும் செய்யேல்லை," என்பார் அம்மா. யாரும் கேட்காமலே சொல்வார். எனக்கு முதன்முதலில் உறுத்தத் தொடங்கியது அதனால்தான்.

வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் விஜயலெட்சுமி இருந்தாள். விஜி என்று கூப்பிடுவோம். பசறை ரோட்டில் ஒரு தோட்டம், அதிலும் மேல் டிவிஷன். விடிகிறபோதே இறங்கி நடந்தால்தான் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். அவளுடைய அம்மா பாக்கியலெட்சுமி கொழுந்து எடுக்கிறவர். அப்பா நல்லையாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. விஜி டியூஷன் வகுப்பு வாசலையே மிதித்ததில்லை. ஆனால் இரசாயனவியல் கணக்கை ஆசிரியர் பலகையில் எழுதி முடிப்பதற்குள் அவளுடைய கொப்பியில் விடை இருக்கும். நான் விழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், "இங்க பாரு தயா, இத மொதல்ல தள்ளி வை," என்று என் கொப்பியில் தன் பேனையால் ஒரு கோடு போடுவாள். கணக்கு அவிழ்ந்துவிடும்.

எனக்கு இணையத்தில் மூன்று டியூஷன். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கிழமைக்கொரு மாதிரி வினாத்தாள் வரும். நான் அச்செடுத்து வைப்பேன், விஜி செய்து காட்டுவாள், அதைப் பார்த்து நான் படிப்பேன். இப்படித்தான் இரண்டு வருடம் ஓடியது. பள்ளிக்கூடம் விட்டதும், பதுளை ரயில் நிலையத்துக்கு மேலே இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வருவாள். கதவோரக் கதிரையில்தான் உட்காருவாள். உள்ளே வா என்று அம்மா ஒருநாளும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஐந்து மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிடுவாள். "அந்தப் பிள்ளை வந்தா நீயும் படிக்கிறாய்," என்று அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். இரண்டு பேருக்கும் ஒரே தேத்தண்ணீர்தான். கோப்பைதான் வேறு.

படித்தால் அறிவு வளரும் என்கிறார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் வளர்ந்தது பயம்தான். நான் தலைமயிரைப் பிடுங்கத் தொடங்கினேன். புத்தகத்தைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாய்ப் பிடுங்குவேன். மேசைக்குக் கீழே சேர்ந்து கிடப்பதை அம்மா காலையில் கூட்டி அள்ளுவார். விஜிக்கு எந்தப் பரீட்சையானாலும் வாந்தி. அதற்காக ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருப்பாள். வினாத்தாளைப் பிரிக்கும் முன் அதை ஒருதரம் முகர்ந்துகொள்வாள். "எனக்கு வகுத்துக்குள்ள என்னமோ ஏறி எறங்குது தயா. இது ஒண்ணுதான் எனக்கு இருக்கு, இதுவும் போச்சுன்னா கொழுந்துக் கூடைதான்," என்றாள் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது போனால் எனக்கு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு அப்பா இருந்தார், கனடாவில் மாமா இருந்தார், காசு கட்டிப் படிக்கிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இருந்தன. அப்படியிருந்தும் மயிரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

பரீட்சை வருடத்தில், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப் போனாள். அவர்கள் வீட்டு முன்னறைச் சுவர் முழுக்கப் பழுப்பு நிறக் காகிதம் ஒட்டியிருந்தது. ஃபெக்டரியில் கிழிந்துபோகிற தேயிலைப் பைகளை அப்பா கொண்டுவந்து கொடுப்பாராம். விஜி அதை விரித்து உட்புறத்தில் படம் கீறி வைத்திருந்தாள். இதயம், சிறுநீரகம், கண், எல்லாம் ஆளுயரத்துக்கு. அறை முழுக்கத் தேயிலை மணம். பதினோராம் ஆண்டு படிக்கிற அவளுடைய தங்கை அந்தப் படங்களைத் தொட்டுத் தொட்டு எனக்குப் பெயர் சொன்னாள், ஒன்றுகூடப் பிழையில்லை.

"அம்மன்கிட்ட என்ன கேட்டீங்க?" என்று விஜியின் அம்மாவிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"பாப்பா டாக்டராவணும்னு. அது ஒண்ணுதாங்க கேட்டேன். எங்க அம்மன்கிட்ட ஒண்ணுதான் கேக்கணும். கெடைக்காட்டி இதயாச்சும் குடுன்னு இன்னொண்ணு சேத்துக் கேட்டோம்னா, இவளுக்கே நம்பிக்கை இல்லன்னு மொதல்ல கேட்டதயும் எடுத்துக்குவா." பாக்கியலெட்சுமி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வீட்டில் எல்லோரும் அதை நம்பினார்கள். இத்தனை விஞ்ஞானம் படித்த விஜியும் நம்பினாள்.

ஆகஸ்ட் மாதம் முன்னோடிப் பரீட்சை நடந்தது. விஜி முதலாவது, நான் மூன்றாவது. அம்மா அந்தப் பட்டியலை முழுக்க வாசித்தார். மறுநாள் காலையில் தோசை வைத்துக்கொண்டே, "இனி நீ தனிய இருந்து படி," என்றார்.

"ஏனம்மா?"

"உன்ர பேப்பரைப் படிச்சுத்தான் அவள் உன்னை முந்துறாள். எத்தினை இடம் இருக்கெண்டு உனக்குத் தெரியாதோ?"

நான் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அம்மாவுக்குப் பிரஷர், வீட்டில் சத்தம் கூடாதாம் என்று விஜியிடம் ஒரு சாக்குச் சொன்னேன். அவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் கேற்றுக்கு வந்து, தான் எழுதிய குறிப்புக் கொப்பியை என்னிடம் நீட்டுவாள். "நீ வச்சுக்க, எனக்கு எழுதுனாலே மண்டைல ஏறிடும்." நான் வாங்கிக்கொள்வேன். அந்த மூன்று மாதமும் எனக்கு வந்த வினாத்தாள்கள் மேசை லாச்சியில் கிடந்தன, ஒன்றையும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அந்த வருடம் சித்தியின் மகள் மயூரியும் எங்கள் வீட்டோடு வந்து பதுளையில் பதினோராம் ஆண்டில் சேர்ந்திருந்தாள். ஏன் வந்தாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நவம்பரில் பரீட்சை. விடாத மழை. மண்டபத்தில் எனக்குப் பின் கதிரை விஜிக்கு. இரசாயனவியல் அன்று மணி அடிப்பதற்குச் சற்று முன் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி, நனைந்த சட்டையோடு வந்து உட்கார்ந்தாள். என் லாச்சிக்குள் கிடந்த வினாத்தாளில் இருந்த அதே கணக்கு, எண்கள் மட்டும் மாறி, இரண்டாம் பகுதியில் வந்திருந்தது. பின்னால் அவளுடைய பேனை நின்று நின்று ஓடுவது எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாக எழுதினேன்.

பெறுபேறு வந்தபோது இரண்டு பேருக்கும் நல்ல பெறுபேறுதான். பல்கலைக்கழக விண்ணப்பம் போட நஸ்மியா அக்காவின் கொமினிகேஷன் கடைக்கு ஒன்றாகத்தான் போனோம். என் விண்ணப்பத்தில் மருத்துவம், பல்மருத்துவம், கால்நடை, விவசாயம் என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனார். விஜியின் முறை வந்தது. எல்லாப் பல்கலைக்கழகத்து மருத்துவத்தையும் போட்டுவிட்டு, "அவ்வளவுதாங்க்கா," என்றாள்.

நஸ்மியா அக்கா கையை எடுத்துவிட்டார். "மத்ததயும் போடுங்க தங்கச்சி. ஒண்டோட நிக்காதீங்க."

விஜி என்னைப் பார்த்தாள். "போடவா தயா?"

அவளுடைய அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அது பைத்தியக்காரத்தனம், எல்லாவற்றையும் போடடி என்று அதட்டியிருந்தால் போட்டிருப்பாள். படிப்பு விஷயத்தில் நான் சொன்னால் கேட்பாள். ஆனால் தனக்குக் கிடைத்துவிடும் என்ற அவளுடைய அந்த நிச்சயம் எனக்குப் பொறுக்கவில்லை. "உன்ர விருப்பம்," என்றேன். நஸ்மியா அக்கா ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை அனுப்பினார்.

செப்டம்பரில் வெட்டுப்புள்ளி வந்தது. வெட்டுப்புள்ளி என்பது கடைசியாக எடுபட்ட பிள்ளையின் புள்ளி. பதுளை என்ற வரியில் மருத்துவத்துக்கு இருந்த ஆகக் குறைந்த எண்ணைப் பார்த்தேன். தசமத்துக்குப் பின் நாலாவது இலக்கம் வரைக்கும் அது என் எண்ணேதான். நான்தான் அந்தக் கடைசிப் பிள்ளை. கிடைத்தது யாழ்ப்பாண மருத்துவபீடம். யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு வந்து, பதுளைப் பிள்ளையாகி, யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போகிறேன். விஜி மூன்றாவது இலக்கத்தில் தவறியிருந்தாள். வேறெதையும் அவள் கேட்டிருக்கவில்லை என்பதால் வேறெதுவும் கிடைக்கவில்லை.

மறுநாளே வந்தாள். குடையை மடக்கிக் கேற்றில் மாட்டிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "டாக்டரம்மா!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தயா, எடுபட்டவங்கள்ல யாராச்சும் பதியாம விட்டா, அடுத்த பேரு எனக்குத்தான் வரும்னு சார் சொன்னாரு. யாராச்சும் விடுற மாதிரி இருக்கா? ஒனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும்?"

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "விசாரிச்சுச் சொல்றன் விஜி," என்றேன்.

பதிவதற்குப் பத்து நாள் இருந்தது. ஐந்தாம் நாள் பின்னேரம் அப்பா லப்டொப்பைத் திறந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். நான் உட்கார்ந்தேன். "நான் பதியாட்டி விஜிக்குக் கிடைக்கும்," என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அம்மாதான் பேசினார். "உனக்கு விசரோ? நாலு வருசம் இந்தக் குளிருக்குள்ள நாங்கள் கிடந்தது ஆருக்கு? அவளுக்கோ? அவள் கெட்டிக்காரி, திருப்பி எழுதினா எடுப்பாள். நீ எடுப்பியோ?"

அம்மா சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நான் திரும்ப எழுதினால் எடுக்க மாட்டேன், அது எனக்குத் தெரியும். அழுதேன். அழுதுகொண்டே அழுத்தினேன். யாரும் என் விரலைப் பிடித்து அழுத்தவில்லை. பதிவாகிவிட்டது என்று திரையில் வந்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

விஜி ஒவ்வொரு நாளும் பின்னேரம் போன் எடுப்பாள். அவர்கள் லயத்தில் சிக்னல் இல்லை. மேலே தண்ணீர்த் தொட்டியடிக்கு ஏறிவந்துதான் பேச வேண்டும். மூச்சு வாங்குவது கேட்கும். "என்னாச்சு தயா?" என்பாள். முதல் நாள், இன்னும் தெரியவில்லை என்றேன். இரண்டாம் நாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அந்த மூச்சைக் கேட்க முடியாமல், "பண்டாரவளைப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான். அவுஸ்திரேலியாவுக்குப் போற யோசனையாம். போனா விட்டிடுவான்," என்று சொல்லிவிட்டேன்.

அப்படி ஒரு பையன் இல்லை. என் வாயில் வந்தான், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து விஜி அவனைத்தான் கேட்டாள். "அந்தப் பையன் முடிவு பண்ணிட்டானா?" "அவங்க அம்மா ஒத்துக்கல போல?" "பாவம், அவனுக்கும் கஷ்டந்தான், சட்டுனு விட முடியுமா?" நானும் அவனுக்குக் கையும் காலும் வைத்துக் கதை வளர்த்தேன். விசா இன்னும் வரவில்லை என்றேன். தகப்பன் மறிக்கிறார் என்றேன். ஒருநாள், அவனுக்கே மனமில்லை, ஆனால் யோசிக்கிறான் என்றேன். அன்றைக்கு விஜி, "யோசிக்கட்டும் தயா. நான் அவசரப்படுத்தல," என்றாள். இப்படி நாலு கிழமை போனது. வெற்றிடம் நிரப்புவதும் முடிந்தது என்று ஒரு பகல் அறிவித்தார்கள். அன்று அவள் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வந்தாள். நான் யாழ்ப்பாணம் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். குடையைக் கேற்றில் மாட்டிவிட்டு வெளியேதான் நின்றாள். மெலிந்து போயிருந்தாள்.

"அந்தப் பையன் போகலியா?"

"இல்லை விஜி. போகேல்லையாம்."

"அப்புடி ஒருத்தன் இல்லன்னு எனக்குத் தெரியும் தயா." சத்தம் போடாமல்தான் சொன்னாள். "என் பரீட்சைச் சுட்டெண்ல ஒண்ணக் கொறச்சா ஒன் நம்பர். எனக்கு முன் கதிரைதான நீ? ரிசல்ட் வந்த அன்னிக்கே ஒன்னோடதயும் அடிச்சுப் பாத்துட்டேன், சந்தோசத்துலதான் பாத்தேன். வெட்டுப்புள்ளி வந்தப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். கடைசி எடம் ஒன்னோடதுதான்."

"பிறகேன் என்னட்டை வந்து கேட்டனீ?"

"எனக்குத் தரணும்னு கேக்கல. அப்புடி யாரு தருவா? நானா இருந்தாலும் தந்திருக்க மாட்டேன். 'நான் விட மாட்டேன் விஜி, நீ போய்ப் படி'ன்னு ஒன் வாயால சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா அன்னிக்கே புத்தகத்த எடுத்திருப்பேன்." நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கினாள். "நீ பண்டாரவளைப் பையன்னு ஆரம்பிச்சியே, அப்பதான் நான் கெட்டேன். அந்தப் பையன் நீதான்னு நெனச்சுட்டேன் தயா. நேராச் சொல்லக் கூச்சப்பட்டு அவன் பேருல சொல்றே, நெசமாவே யோசிக்கறேன்னு. நாலு வாரமா ஒன்னைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

மன்னித்துக்கொள் என்று தொடங்கினேன் போலிருக்கிறது. அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"என் நோட்டெல்லாம் குடு. பரீட்சைக்கு அஞ்சு வாரந்தான் இருக்கு. சொவத்துல ஒட்டுனது எல்லாம் மழைல ஒழுகிப் போச்சு."

உள்ளே திரும்பினேன். கதவோரக் கதிரையில், விஜி இரண்டு வருடம் உட்கார்ந்த அதே கதிரையில், மயூரி இருந்தாள். மடியில் விஜியின் உயிரியல் கொப்பி. மயூரி அப்போது உயர்தரம் தொடங்கியிருந்தாள். மட்டையில் விஜியின் பெயருக்கு மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, தன் பெயரை அழகாக எழுதி வைத்திருந்தாள். மற்றக் கொப்பிகள் காலடியில் அடுக்கியிருந்தன. நான் குனிந்து அவற்றை எடுக்கும்போது அம்மா குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தார்: "முதல் போட்டோக்கொப்பி அடிச்சிட்டுக் குடு. மயூரிக்குத் தேவைப்படும்."

கேற்றடியிலிருந்து விஜிக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. மயூரியின் மடியிலிருந்ததையும் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் மட்டையைப் பார்த்தாள். ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் உரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அப்படியே பைக்குள் வைத்தாள்.

"அவங்களும் இங்கதான் எழுதுவாங்களா?"

"ஓம்."

"எப்ப?"

"இன்னும் ரெண்டு வருசத்தில."

விஜி பையின் வாயை முடிந்தாள். "எந் தங்கச்சியும் அந்த வருசந்தான்," என்றாள். குடையைக் கேற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு இறங்குகிற படியில் இறங்கிப் போனாள்.

அவள் வளைவில் மறையும்வரை நின்றேன். மயூரி பின்னால் வந்து என் தோளைத் தட்டினாள்.

"தயா அக்கா, அந்தக் கொப்பியை அவ எப்ப திருப்பித் தருவா?"